கல் கம்பெனிக்கு, குழி யாருக்கு?

“நத்தைக்கல்லு, கிளிஞ்சக்கல்லு, கோடி வருசம்னு ஆரம்பிச்சிட்டீங்களே தோழர், நமக்கு வேற சோலி இல்லியா?” சில மாதங்களுக்கு முன் செந்துறையில் நடந்த ஒரு கலந்துரையாடலில் கல்லூரித் தோழர் ஒருவர் என்னை இப்படிக் கேட்டார். கேட்டது நியாயம்தான். 2019 ஏப்ரல் 18ஆம் தேதி, ஓட்டுப் போடும் நாளில், பொன்பரப்பியில் சேரி வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அந்தப் பொன்பரப்பி இருக்கிற தாலுக்காவில் ஒருத்தன் பாறையைப் பற்றிப் பேச வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறேன். இந்த வட்டாரத்தில் நிலத்தைப் பேசாமல் சாதியைப் பேச முடியாது. நிலத்தைப் பேசினால் நிலத்துக்கு அடியில் கிடப்பதையும் பேசியாக வேண்டும். கம்பெனிக்காரன் அதை நன்றாகத் தெரிந்துகொண்டு, அளந்து, வெடி வைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான். நாம்தான் “கல்லு நமக்கெதுக்கு” என்று உட்கார்ந்திருக்கிறோம்.

கல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ பதின்மூன்று கோடி வருசத்துக்கு முன்னால் இந்தியத் துண்டு அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தது. பிரிந்த விளிம்பில் தரை இறங்கிப் பள்ளம் விழுந்தது. அதைத்தான் நிலவியல்காரர்கள் காவிரிப் படுகை என்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்தது, பின்வாங்கியது, திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அடியில் மணலும் சேறும் சிப்பியும் படிந்தன. அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என்று நான்கு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேற்கே பழசு, கிழக்கே வர வரப் புதுசு. ஊட்டத்தூர்ப் பக்கமிருந்து பஸ் மாறி மாறிச் செந்துறைக்கு வருகிறவன் ஒரு பகல் பயணத்தில் நாலைந்து கோடி வருசத்தைத் தாண்டி வருகிறான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை எடுத்துப் பாருங்கள், ஓட்டின் மேல் ஓடாகக் கையகலச் சிப்பிகள். ஏழு கோடி வருசத்துக்கு முன்னால் உயிரோடு இருந்தவை. நின்னியூர்ச் சுண்ணாம்போ டைனோசர்கள் அழிந்த பிறகு, ஆறரைக் கோடி வருசத்துக்கு இந்தப் பக்கம், பாசியும் பவளமும் கட்டியது. டைனோசர் அழிவுக்கு முந்தின கடலும் பிந்தின கடலும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கிடக்கிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

இதையெல்லாம் கண்டுபிடித்து எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1840களில் கேயும் கன்லிப்பும் பொறுக்கிக்கொண்டு போனார்கள். 1862ல் பிளான்போர்டு இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக இந்தப் பாறைகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஸ்டோலிச்கா சிப்பி சிப்பியாக விவரித்து எழுதித் தள்ளினார். அதனால்தான் அரியலூர், நின்னியூர், கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், சில்லக்குடி என்று நம்ம ஊர்ப் பேரெல்லாம் லண்டனிலும் பாரிசிலும் நிலவியல் படிக்கிறவன் வாயில் புழங்குகிறது. ஊருக்குப் பேர் கிடைத்தது. ஊரை ஒட்டிய சேரிக்கு இன்னைக்கும் பேர் கிடையாது. ‘காலனி’. அவ்வளவுதான். கூடாரம் சுமந்தவன், கல்லை உடைத்துக் காட்டியவன் பேரில் ஒரு கிளிஞ்சலும் இல்லை, ஒரு பாறையடுக்கும் இல்லை.

மாணவர்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: சுண்ணாம்புப் பாறை என்றால் குகை இருக்கணுமே, நம்ம ஊரில் ஏன் இல்லை? மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பில் புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. லட்சக்கணக்கான வருசம் இப்படிக் கரைத்தால் குகை. அதற்குக் கெட்டியான, கனமான பாறை வேண்டும், தண்ணீர் இறங்கி ஓட மேடு பள்ளம் வேண்டும், மழை வேண்டும். நம்மது சமவெளி. கல்லும் சிப்பி நிறைந்த இளகின கல், நடுநடுவே களிமண்ணும் மணலும் பட்டை போட்டது. அதனால் ஆந்திராவின் போரா மாதிரி, பேலம் மாதிரி குகைகள் இங்கே உண்டாகவில்லை. இங்கே இருக்கிற பள்ளமெல்லாம் மனிதன் தோண்டியது. கூரை இல்லாத குகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் ஒன்றேதான் என்பதையும் கவனியுங்கள். குகையில் கரியமில வாயு கல்லைக் கரைக்கிறது. சிமெண்ட் சூளையின் சூட்டில் கல்லிலிருந்து கரியமில வாயுவை விரட்டுகிறார்கள். நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாக வானத்துக்குப் போகும். ஏழு கோடி வருசம் கல்லுக்குள் பூட்டிக் கிடந்ததை ஒரு ராத்திரி ஷிப்டில் திறந்துவிடுகிறார்கள்.

போரா என்று சொன்னேன் அல்லவா? அந்தக் குகைக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. கேளுங்கள்.

விசாகப்பட்டினத்துக்கு மேலே அனந்தகிரி மலையில் இருக்கிறது போரா. சுற்றிலும் ஆதிவாசிக் கிராமங்கள். அந்த வட்டாரத்தில் கால்சைட் தோண்டத் தனியாருக்குக் குத்தகை கொடுத்தார்கள். ‘சமதா’ என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 1997 ஜூலை 11ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தைக்கூட ஆதிவாசி அல்லாத தனியாருக்குச் சுரங்கத்துக்கென்று குத்தகை விடக்கூடாது, அப்படிக் கொடுத்தது செல்லாது. சட்டப்படி நடக்கிற சுரங்கமாக இருந்தாலும் நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்த மக்களின் தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கென்று நிரந்தர நிதியாக ஒதுக்க வேண்டும். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே. ராமசாமி. உச்சநீதிமன்றத்துக்குப் போன தலித் நீதிபதிகளில் ஒருவர். ஆதிவாசிக்கு அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை இருந்தது, அதைப் பிடித்து ஏறினார்கள். செந்துறைச் சேரிக்கு எந்த அட்டவணை இருக்கிறது? இங்கே கல்லை எடுக்கும்போது யார் கையெழுத்து தேவைப்படுகிறது? பட்டாதாரர் கையெழுத்து. பட்டா யாரிடம் இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் சொந்தக் கதையை ஒரு பத்தியில் சொல்லி முடிக்கிறேன், புலம்புவதற்காக அல்ல, கணக்குக்காக. எங்கப்பா ஊர்க்காரர் ஒருத்தர் கொல்லையில் ஆள். வானம் பார்த்த கொல்லை. சோளம், கம்பு, கடலை, ஒரு மூலையில் முந்திரி. அம்மாவுக்குக் களையெடுப்பு, கடலை பறிப்பு, முந்திரிக்கொட்டை பொறுக்குகிற பருவத்தில் அந்த வேலை. கொல்லைக்காரர் புரோக்கர் மூலமாகக் கொல்லையை ஒரு கம்பெனிக்கு விற்றார். அவருக்கு ரொக்கம் வந்தது, டவுனில் வீடு வந்தது. எங்களுக்கு ஒண்ணும் வரல. “உனக்கு என்ன போச்சு, நிலமா போச்சு?” என்று கேட்டார்கள். இருபது வருசம் அந்த மண்ணைக் கொத்தினவனுக்கு என்ன போச்சு என்று கேட்கிற வாய் அது! அப்புறம் அப்பா அதே கொல்லைக்கே ஒப்பந்தக்காரரிடம் கல் பொறுக்கப் போனார். பொக்லைன் வந்ததும் அந்த வேலையும் போனது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. எங்கள் தெருவில் யாரும் சுரங்கம் என்று சொல்வதில்லை. ‘மைன்சு’ என்பார்கள். வேலை நின்றுபோனால் ‘பழைய மைன்சு’.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய மைன்சு இருக்கிற எந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேரித்தெருவில் கேளுங்கள், ஆள் பேர் மட்டும் மாறும்.

விவசாயத் தலைவர்களோடு எனக்குச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. “விளைநிலத்தைக் காப்போம்” என்று பேனர் கட்டுகிறார்கள். நல்லது, நாமும் போய் நிற்கிறோம். மேடையில் ஏறியதும் என்ன பேச்சு? ஏக்கருக்கு எவ்வளவு, நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு வேலை, இதுதான். ஆனந்தவாடியில் அரசு சிமெண்ட் ஆலைக்கு 1980களில் நிலம் கொடுத்தவர்கள் வேலை கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். நியாயமான போராட்டம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘நிலம் கொடுத்தோர் பட்டியல்’ என்று ஒன்று எழுதும்போதே நிலம் இல்லாதவன் அதிலிருந்து விழுந்துவிடுகிறான். அந்த நிலத்தில் உழைப்பைக் கொடுத்தோர் பட்டியல் ஒன்றை எந்தத் தலைவர் எந்தக் கலெக்டரிடம் நீட்டினார்? ஊர் இழந்தால் அது ‘விவசாயி பிரச்சினை’. சேரி இழந்தால் அது இழப்பே இல்லை. இதற்குப் பேர் சாதி இல்லாமல் வேறு என்ன?

சட்டத்தில் நாம் இருக்கிறோம் என்பதுதான் வேடிக்கை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், பிரிவு 3(இ)யில், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யாரென்று சொல்கிறது. நிலம் சொந்தமில்லாத, ஆனால் அந்த நிலத்தில் மூன்று வருசமாக வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலியும் குத்தகைக்காரரும் அதில் அடக்கம். இங்கிலீசில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கம்பெனி என்ன செய்யும்? கையகப்படுத்தவே மாட்டான். புரோக்கர் வைத்துப் பத்திரம் போட்டு வாங்கிவிடுவான். விலைக்கு வாங்கினால் விற்றவன் உண்டு, வாங்கினவன் உண்டு. நடுவில் மண்வெட்டியோடு நின்றவன் ரிஜிஸ்தர் ஆபீசில் கிடையாது.

வேலையாவது கிடைத்ததா? அரியலூரில் 1979ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தபோது இட ஒதுக்கீடு என்று ஒன்று இருந்தது. நம்ம ஆட்கள் சிலர் நிரந்தர வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1982ல் சிமெண்ட் விலைக் கட்டுப்பாட்டைப் பாதி எடுத்தார்கள், 1989ல் முழுசாக எடுத்தார்கள். 1991ல் லைசென்சும் போனது. அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. 1997ல் ஆலத்தியூர், அப்புறம் தளவாய், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர். தனியாரிடம் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. ஆக, கல் வெளியே போகிற வேகம் கூடக் கூட நம்ம ஆள் உள்ளே போகிற கதவு சின்னதாகிக்கொண்டே வந்தது. மிஞ்சியது என்ன? ஒப்பந்தக் கூலி, மூட்டை தூக்குகிறது, தூசி தட்டுகிறது, லாரிக்குக் கிளீனர். தாராளமயம் யாருக்குத் தாராளம் என்று கேட்டுக் கேட்டு நமக்கு வாய் வலித்துவிட்டது. செந்துறைக்கு வந்தால் அந்தப் பதிலைக் கண்ணால் பார்க்கலாம்.

இனி அந்தக் குழி. ‘கைவிடப்பட்ட சுரங்கம்’ என்று அதிகாரிகள் சொல்கிற வார்த்தையே பித்தலாட்டம். யாரும் எதையும் கைவிடவில்லை. கல் தீர்ந்தாலும் பத்திரம் கம்பெனி பேரில்தான் இருக்கிறது. குத்தகையும் லேசில் முடிவதில்லை. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தியபோது, சொந்த ஆலைக்கென்று முன்பே வாங்கிய குத்தகைகளை 2030 மார்ச் 31 வரை, அல்லது கொடுத்த நாளிலிருந்து 50 வருசம் வரை, எது பிந்தியதோ அதுவரை நீட்டிக் கொடுத்தார்கள். சுரங்கத்தை மூடுவதற்கென்று தனித் திட்டம் வேண்டும் என்று விதி இருக்கிறது, அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. தோண்டி முடித்த இடத்தில் மாடு மேயப் புல் வளர்த்துத் தர வேண்டும் என்று 2020 ஜனவரி 8ஆம் தேதி உச்சநீதிமன்றம் சொன்னது. எங்கள் பக்கத்துப் பழைய குழிகளில் வளர்ந்திருப்பது சீமைக்கருவேலம். அதை யாரும் வளர்த்துத் தரவில்லை, அதுவாக வந்தது.

தோண்டும்போது குழியில் ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிடுவார்கள். சுற்றியுள்ள கிணறு இறங்கும். கிணற்றுக்காரன் போர் போட்டு இன்னும் ஆழத்துக்குப் போவான். சேரிக்கு ஒரு கைப்பம்பு, அதுவும் காற்று வாங்கும். தோண்டி முடிந்ததும் மோட்டாரை நிறுத்துவான். ஊற்றும் மழையும் சேர்ந்து குழி நிறையும். செங்குத்துக் கரை, படி கிடையாது, ஆழம் எவ்வளவென்று மேலே நின்று தெரியாது. ஏரியில் இறங்குகிற மாதிரி பிள்ளைகள் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் போனான். ஏழாவது படித்தான். வேலி இருந்ததா என்று கேட்டால், “கம்பி திருட்டுப் போச்சு” என்றார்கள். திருடினது யார் என்றும் ஜாடையாகச் சொன்னார்கள். செத்ததும் நாம், திருடனும் நாம்! அதே குழியில் பிறகு மீன் விட்டார்கள். மீன்பாசி யாருக்குப் போனது? ஊர்த்தெருவுக்கு. சேரிப் பெண்கள் துணி துவைக்கப் போனால் மீன் செத்துப்போகும் என்று விரட்டுகிறான். பிணம் எடுக்கும்போது யாருடைய குழி என்று யாருக்கும் தெரியவில்லை, மீன் பிடிக்கும்போது மட்டும் தெரிகிறது.

இப்போது பணக் கணக்கு. தோழர்கள் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்குப் போகிற சுண்ணாம்புக்கல்லுக்கு 2014லிருந்து ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். 2015 ஜனவரி 12க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் அந்த ராயல்டிக்கு மேல் இன்னும் 30 சதவீதம், அதாவது டன்னுக்கு 24 ரூபாய், மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். இருபது டன் ஏற்றிய டிப்பர் ஒன்று உங்கள் தெருமுனையைத் தாண்டினால் 480 ரூபாய், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய பணம், அதன் கணக்கில் ஏறுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை டிப்பர் போகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்ணம் புதுசு இல்லை. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். 1944 ஜனவரியில் நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. தோண்டுகிற ஒவ்வொரு டன்னிலும் தொழிலாளிக்கு ஒரு பங்கு என்பது அதன் அடிப்படை. அதே வழியில் சுண்ணாம்புக்கல் தொழிலாளிக்கும் 1972ல் ஒரு நலநிதிச் சட்டம் வந்தது. பின்னால் அந்த வரியை ஒழித்தார்கள். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நமக்குக் கல் எதுக்கு?

இன்னொரு கதை இருக்கிறது, அதை நம் ஊராட்சி உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1958 ஊராட்சிச் சட்டப்படி, கம்பெனி கட்டும் ராயல்டியின் மேல் உள்ளாட்சிக்கென்று ஒரு வரி இருந்தது. இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி வழக்குப் போட்டது. 1989 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், ராயல்டியே ஒரு வரி, வரிக்கு மேல் மாநிலம் வரி போட முடியாது என்று அந்த ஊராட்சி வரியைத் தூக்கி எறிந்தார்கள். 2024 ஜூலை 25ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பு தப்பு, ராயல்டி வரியே இல்லை, மாநிலம் கனிம நிலத்துக்கு வரி போடலாம் என்றார்கள். எட்டுக்கு ஒன்று. தப்புத் தீர்ப்பு முப்பத்தைந்து வருசம் உயிரோடு இருந்தது. அந்த முப்பத்தைந்து வருசத்தில்தான் நம்ம தாலுக்காவின் கல் போனது. தீர்ப்பைத் திருத்திவிட்டார்கள், குழியைத் திருத்த முடியுமா? தமிழக அரசு 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் நிலவரி போட்டிருக்கிறது. அதே இருபது டன் டிப்பருக்கு 3200 ரூபாய். போகட்டும், அரசுக்குப் போகட்டும். ஆனால் 1989ல் பறிபோனது கோட்டையின் பணம் அல்ல, ஊராட்சியின் பணம். அது ஊராட்சிக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்கத் தலித் ஊராட்சித் தலைவர்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. நாற்காலியில் உட்கார விடாமல் அடிக்கிற ஊரில் இதைக் கேட்பது லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும்.

நடுவில் அருங்காட்சியகக்காரர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் கட்டியிருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாத்தனூர்க் கல்மரத்தையும் காட்டுங்கள். 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன மரம், 18 மீட்டர் நீளம். எனக்கு அதில் பெருமைதான். எரிச்சல் வேறு இடத்தில். 2009ல் செந்துறை ஓடையில் டைனோசர் முட்டை என்று பத்திரிகைகள் எழுதின, அதை ஒத்துக்கொள்ளாத நிலவியலாளர்களும் இருந்தார்கள். 2020ல் குன்னம் ஏரியில் முட்டை என்று ஊரே திரண்டது. பார்த்தால் நத்தைக்கல்லைச் சுற்றி மண் இறுகின உருண்டை. முட்டை என்றால் எத்தனை ஜீப் வருகிறது! கேமரா, காவல், நாற்புறமும் கயிறு! பையன் செத்த குழிக்கு ஒரு முழம் கயிறு கட்ட ஆள் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்ட எலும்புகளை 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு எழுதினார்கள். உலகத்தில் நடமாடியதிலேயே பெரிய மிருகங்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த எலும்பு இப்போது இல்லை, பொடிந்து போய்விட்டது. படமும் அளவும்தான் மிச்சம். அவ்வளவு பெரிய உயிரையே காப்பாற்றி வைக்கத் துப்பில்லை. வெடி வைத்து நொறுக்கி அரைவைக்குப் போகிற சிப்பிகளை எந்த அருங்காட்சியகம் காப்பாற்றும்?

சரி, நாம் என்ன கேட்க வேண்டும்? “மைன்சை மூடு” என்று கத்துவது சுலபம். மூடினால் பத்திரக்காரனுக்கு ஒன்றும் போகாது, ஒப்பந்தக் கூலிக்குப் போகிற நம்ம ஆளுக்கு அன்றைய சோறு போகும். அதனால் நான் அந்தக் கோசத்தைப் போடுவதில்லை. நான் கேட்பது தோண்டி முடித்த நிலத்தை.

தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1961ல் வந்தது, 1970ல் உச்சவரம்பைக் குறைத்தார்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். அதற்கு மேல் இருந்தால் உபரி, நிலமற்றவனுக்குப் போக வேண்டும். கம்பெனிகள் நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கிறார்களே, எப்படி? தொழிலுக்குத் தேவை என்று அரசு அனுமதி கொடுக்கிறது, அதனால். தொழிலுக்காகக் கொடுத்த அனுமதி, தொழில் முடிந்த குழிக்கு எதற்கு? கல் தீர்ந்த அன்றைக்கே அந்த நிலம் உபரி நிலம் ஆகிறது என்கிறேன். குழியும் கரையும் கொட்டி வைத்த மேல்மண் மேடும் சேர்த்துத்தான். அரசுப் புறம்போக்கில் தோண்டிய குழி என்றால் இன்னும் சுலபம், மீன்பாசியும் தண்ணீரும் கரைமரமும் சேரிப் பெண்களின் சங்கத்துக்குப் போக வேண்டும். அந்த மண்ணில் உழைத்து வேலை இழந்த குடும்பங்களுக்கு முதல் உரிமை. “குழியை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்பார்கள். அதை நாம் பார்த்துக்கொள்கிறோம். ஆயிரம் வருசமாகக் கல்லாங்குத்தையும் களர் நிலத்தையும் வெள்ளாமைக்குக் கொண்டுவந்தவர்களுக்குக் குழியை என்ன செய்வதென்று தெரியாதா?

இதோடு பஞ்சமி நிலக் கணக்கும் வர வேண்டும். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30ஆம் தேதி ஆணையால் நமக்கென்று ஒதுக்கிய நிலம். நம்மவரல்லாதார் கைக்கு அது போகக்கூடாது என்பது நிபந்தனை. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் 1994ல் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். சுரங்கக் குத்தகைக்குள் போன சர்வே எண்கள் ஒவ்வொன்றையும் யு.டி.ஆருக்கு முந்தின பழைய ‘அ’ பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புதுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு “இங்க பஞ்சமி இல்லீங்க” என்று தாலுக்கா ஆபீசில் சொன்னால் நம்பிவிட்டு எழுந்து வராதீர்கள்.

இப்போது மாணவத் தோழர்களுக்கு வேலை. அரியலூர்க் கனிமவளத் துறை அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, செந்துறை தாலுக்காவின் குத்தகைகள், சர்வே எண், முடிகிற தேதி, மூடல் திட்டம் எல்லாவற்றின் நகலும் வாங்குங்கள். கனிம அறக்கட்டளைக்கு ஆண்டறிக்கை உண்டு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை எழுதும்போது 2013 சட்டத்தின் 3(இ) விளக்கத்தையே கொள்ள வேண்டும், கிராமசபையில் அடையாளம் காணும் மற்றவர்களையும் சேர்க்கலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. அப்படியென்றால் விவசாயக் கூலியின் பேர் அதில் இருந்தாக வேண்டும். நிதியில் பெரும்பகுதி குடிநீர், மருத்துவம், கல்வி, பெண்கள், குழந்தைகள் என்றுதான் செலவாக வேண்டும், அந்தப் பங்கை 2024ல் 60 சதவீதத்திலிருந்து 70 ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். வீடு வீடாகப் போய், எந்தக் கொல்லையில் எத்தனை வருசம் யார் வேலை செய்தார், கொல்லை எந்த வருசம் விற்றது, இப்போது அங்கே குழியா மேடா என்று நோட்டுப் போட்டு எழுதுங்கள். பெரியவர்கள் செத்துப்போவதற்குள் எழுதுங்கள், அவர்களுக்குத்தான் கொல்லையின் பழைய பேர் தெரியும்.

அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபை. அதற்கு முன்னால் பட்டியல் தயாராக வேண்டும். கூட்டத்தை ஊர்த்தெருக் கோயில் முன்னால் வைத்தால் பொது இடத்துக்கு மாற்றச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தை நாமே தமிழில் எழுதிக்கொண்டு போக வேண்டும், இரண்டு நகல். ஒன்றைப் பதிவேட்டில் ஒட்டச் சொல்லுங்கள், இன்னொன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.